வழி தவறி வரல, வயசு வந்து வருது

ரெண்டு வாரமா எதுவும் எழுதல. மல்லாட்டை பிடுங்குற வேலை, ஆள் கிடைக்காத கஷ்டம், நடுவுல ஒரு மழை. (மல்லாட்டைன்னா வேர்க்கடலை. எங்க போளூர், ஆரணிப் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.)

போன ஞாயித்துக்கிழமை சென்னையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். நான் எழுதுறதை விடாம படிக்கிறவர். ஓசூர் பக்கம் ஒரு ஆண் யானை கேழ்வரகுத் தோட்டத்துல இறங்கின செய்தியைப் பார்த்திருக்கார். "ஐயா, கூட்டத்துல இருந்து வழி தவறி வந்துடுச்சாம். பாவமா இருக்கு. அதைப் பிடிச்சுக் கொண்டுபோய் அவங்க அம்மாகிட்ட விட்டுட மாட்டாங்களா?"ன்னு கேட்டார்.

நல்ல மனசு. ஆனா கேள்வியே தப்பு. அது அவர் தப்பும் இல்ல. பேப்பர்ல எப்பவும் அப்படித்தான் போடுறாங்க. "கூட்டத்தில் இருந்து வழி தவறிய ஒற்றை யானை." இல்லன்னா "கூட்டத்தை விட்டு விரட்டப்பட்ட யானை." முப்பது வருஷமா இதே வார்த்தையைப் படிக்கிறேன். ஆடு மாடு வளர்க்கிற எவனுக்கும் அது தப்புன்னு தெரியும். வயசுக்கு வந்த ஆண் பொறந்த கூட்டத்தை விட்டு வெளிய போறது வழி தவறுறது இல்ல. அதுதான் அதோட வழி. அந்த வழியை நாம அடைச்சு வச்சிருக்கோம்ங்கிறதுதான் விஷயம்.

ஆட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்.

எங்கிட்ட பதினாலு நாட்டு வெள்ளாடு இருக்கு. கெடாக்குட்டி பொறந்து மூணு மாசம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அம்மா பின்னாடியே ஓடும், பாறை மேல ஏறிக் குதிக்கும், பெட்டைக்குட்டியோட முட்டி விளையாடும். நாலாவது மாசம் ஆட்டம் மாறும். பெட்டை மூத்திரம் விட்ட இடத்தை மோந்து பார்த்துட்டு, மூஞ்சியைத் தூக்கி மேல் உதட்டைச் சுருட்டும். கெடா நாத்தம் லேசா வர ஆரம்பிக்கும். கூடப் பொறந்ததுன்னு பார்க்காம மேல ஏறும். பெரிய கெடா முறைச்சா ரெண்டடி பின்னாடி போயிட்டு மறுபடி வரும். நாலு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ள அது சினைப்பிடிக்க வைக்கிற அளவுக்கு வந்துடும். பார்க்கக் குட்டி மாதிரியே இருக்கும். ஏமாந்துடக் கூடாது.

நான் ஏமாந்திருக்கேன். பேராசைன்னே சொல்லலாம். ஒரு வருஷம் ரெட்டையா பொறந்தது, ஒரு கெடா, ஒரு பெட்டை. கெடா நல்லா வளர்ந்துச்சு. பக்ரீத் வரைக்கும் வச்சிருந்தா ரெண்டாயிரம் கூடக் கிடைக்கும்னு பிரிக்காம விட்டுட்டேன். கெடாவை நல்ல விலைக்கு வித்தேன். அதுக்கு அப்புறம்தான் அந்தப் பெட்டைக்குட்டி வயிறு தெரிஞ்சுது. அதுவே இன்னும் வளர்ற குட்டி. அஞ்சு மாசம் சுமந்து ஒண்ணு போட்டுச்சு. பொறந்தது எழுந்து நிக்கவே இல்ல. மூணாம் நாள் செத்துப் போச்சு. தாய் ஆடும் அதுக்கு அப்புறம் தேறல. என் வூட்டுக்காரம்மா அன்னிக்கு ஒரே வார்த்தை சொன்னா: "ரெண்டாயிரத்துக்குப் பார்த்து ரெண்டு உசுரைக் கெடுத்தியே."

கால்நடை டாக்டர் கிட்ட சொன்னப்போ அவர் திட்டல. "மூணு மாசம் ஆனா பிரிச்சுடுங்க. பொலி கெடாவையும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. இல்லன்னா அது தன் மகளையே சேரும், மந்தை சிறுத்துப் போகும்"னார். அன்னியில இருந்து அதைத் தவற விடுறதில்ல.

யோசிச்சுப் பாருங்க. பட்டியில நான் கையால செய்யுற வேலையைக் காடு தானா செய்யுது. ஒரே ரத்தம் ஒண்ணோட ஒண்ணு சேராம இருக்கணும்னா யாராவது ஒருத்தர் வெளிய போயாகணும். கூட்டமா வாழுற பெரும்பாலான மிருகத்துல வெளிய போறது ஆண்தான். பொம்பளைங்க அம்மா, பெரியம்மா, சித்தின்னு ஒண்ணா இருப்பாங்க. பசங்க வயசு வந்ததும் கிளம்புவாங்க. எங்க மல்லாட்டைக் கொல்லையை உழுது போடுற காட்டுப்பன்னியிலயும் இதே கதைதான். கூட்டமா வர்றது தாயும் குட்டிங்களும். வளர்ந்த ஆண் தனியா வரும். அதை நாங்க ஒண்டிப் பன்னின்னு சொல்லுவோம். அது வழி தவறினதுன்னு எங்க ஊர்ல ஒருத்தனும் சொல்ல மாட்டான்.

இப்ப யானைக்கு வர்றேன்.

யானைக் கூட்டம்னா அது ஒரு தாய்வழிக் குடும்பம். வயசான பெண் யானைதான் முன்னாடி நடக்கும். ஆண் குட்டி பத்து வயசு வரைக்கும் அதுக்குள்ளேயே இருக்கும். அதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விலகும். பத்துல இருந்து பதினஞ்சு வயசுக்குள்ள பெரும்பாலும் பிரிஞ்சுடும். இதுல நகரத்து நண்பர்கள் கவனிக்க வேண்டியது, அது ஒரு நாள்ல நடக்குற காரியம் இல்ல. முதல்ல கூட்டத்துக்கு நூறு அடி தள்ளி மேயும். அப்புறம் ரெண்டு நாள் காணாம போயிட்டுத் திரும்பி வரும். அப்புறம் மாசக்கணக்குல வராது. அதோட சேட்டை தாங்காம பெரிய பெண் யானைங்களும் தள்ளி விடும். அதுக்கும் வெளிய போய்ப் பார்க்கணும்னு இருக்கும். ரெண்டும் சேர்ந்துதான் பிரிவு. அதனால "விரட்டப்பட்டது"ங்கிறதும் பாதி உண்மைதான்.

வெளிய வந்த பையன் தனியாவே இருக்கணும்னும் இல்ல. வேற ஆண் யானைங்களோட சேருவான். பெரிய ஆணைப் பார்த்து எங்க தண்ணி, எந்த மாசம் எந்தப் பக்கம் தீவனம், எங்க மனுஷன் தொல்லைன்னு கத்துக்குவான். இருபது வயசுக்கு மேலதான் மதம் ஒழுங்கா வர ஆரம்பிக்கும். ஆக, அம்மாவை விட்டு வந்த நாளுக்கும் முழு ஆம்பளையா ஆகுற நாளுக்கும் நடுவுல பத்து வருஷம் இருக்கு. அந்தப் பத்து வருஷம்தான் ஆபத்தான காலம். அதுக்கும், நமக்கும்.

ஓசூர் பக்கம் நடக்குறது இதுதான். பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்துல நிஷாந்த் ஸ்ரீனிவாசையாவும் கூட இருந்தவங்களும் தென்னிந்தியாவுல இந்த வயசு ஆண் யானைங்களைத் தொடர்ந்து பார்த்து 2019-ல ஒரு ஆய்வு எழுதினாங்க. காட்டுக்குள்ள தனியா சுத்துற, இல்லன்னா குடும்பத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கிற இந்தப் பசங்க, காடு குறைஞ்சு வயல் பெருகின இடத்துக்கு வந்தா, ஆணுங்களா சேர்ந்து கூட்டம் கட்டுதுங்க. அந்தக் கூட்டம் நாளைக்கு ஒண்ணா மாறாம நிலைச்சு நிக்குது. பயிர் சாப்பிடுற யானைங்க உடம்பும் நல்லா தேறி இருக்குது.

இதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே இல்ல. தெரியாத ஊருக்குப் பிழைக்கப் போறவன் தனியாவா போறான்? நாலு பேரா ரூம் எடுத்துத்தானே தங்குறான்? வயல்ல சாப்பாடு சத்தா இருக்கு, ஆனா பட்டாசு, டார்ச் லைட்டு, கல்லுன்னு ஆபத்தும் இருக்கு. கூட ரெண்டு பேர் இருந்தா தைரியம்.

எங்க மாவட்டத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. ஆந்திராவுல சுமார் இருநூறு வருஷம் காட்டு யானையே கிடையாதுன்னு சொல்லுவாங்க. 1980-கள்ல கர்நாடகா, தமிழ்நாட்டுக் காட்டுல இருந்து குப்பம், பலமநேர் பக்கம் யானைங்க போச்சு. அதுங்களுக்காகவே 1990-ல கௌண்டின்யா சரணாலயம் வந்துச்சு. அங்க இருந்து ஜவ்வாது மலைக்கு ரொம்ப தூரம் இல்ல. 2013 செப்டம்பர்ல திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்கள்ல சுத்திக்கிட்டிருந்த ஆறு யானைங்களை வனத்துறை கும்கிகளை வச்சுப் பிடிச்சு லாரியில ஏத்திக்கிட்டுப் போச்சு. போளூர் டீக்கடையில அப்போ வேற பேச்சே இல்ல. மலை ஓரம் கொல்லை வச்சிருக்கிற என் மச்சான் அந்த நாள்ல ராத்திரி தூங்கவே இல்ல. "யானையைப் பார்த்தா சாமி மாரி கீது மாமா, ஆனா காலைல கொல்லையைப் பார்த்தா அழுகதான் வருது"ன்னான். அவன் சொன்னது ரெண்டுமே உண்மை. 2023 மே மாசம் மறுபடி ரெண்டு ஆண் யானைங்க. கிருஷ்ணகிரி, ஆந்திரான்னு சுத்தி திருப்பத்தூர் பக்கம் வந்தப்போ பிடிச்சாங்க. வழியில மனுஷ உயிரும் போயிருந்துச்சு.

அதனால நான் ஏதோ தூரமா உக்காந்து யானைக்கு வக்காலத்து வாங்குறேன்னு நினைக்க வேணாம். பயிர் போனா எனக்கு எவ்வளவு வயிறு எரியும்னு எனக்குத் தெரியும். பன்னித் தொல்லை தாங்காம ஒரு வருஷம் நானும் கரண்டு வேலி போடலாம்னு கம்பி வாங்கிட்டு வந்தவன்தான். சுத்துப்பட்டுல நிறைய பேர் திருட்டுத்தனமா போட்டுக்கிட்டிருந்தாங்க. கம்பியைக் கொல்லையில இழுக்குறதுக்கு முந்தின நாள் பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து, "எம் பேரன் சாயங்காலம் உன் வரப்பு மேலதான்யா சைக்கிள் தள்ளிக்கினு வர்றான்"னார். அவ்வளவுதான் சொன்னார். கம்பிச் சுருள் இன்னும் மோட்டார் கொட்டாயில துருப்பிடிச்சுக் கிடக்குது. 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் இதே மாதிரி கம்பியில மூணு யானை செத்துச்சு. ரெண்டு குட்டி தாயில்லாம நின்னுச்சு. அந்தப் படத்தைப் பார்த்த அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. அந்தக் கம்பி என் கொல்லையிலயும் இருந்திருக்கலாம்.

சரி, வயசு வந்து வெளிய வந்த பையனுக்கு என்ன வேணும்? ரெண்டு விஷயம். போறதுக்கு வழி. போற இடத்துல ஒரு பெரிய ஆம்பளை.

வழி எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு காட்டுக்கும் இன்னொரு காட்டுக்கும் நடுவுல நாலு வழிச் சாலை, ரயில் பாதை, கல் குவாரி, ரிசார்ட், காம்பவுண்ட் சுவர். குடும்பமா இருக்கிற பெண் யானைங்களாவது பழகின காட்டுக்குள்ள சமாளிக்கும். வெளிய போயே ஆகணும்னு கிளம்புற பையன்தான் முதல்ல சுவர்ல முட்டுவான். அவன் தடம் வயல்ல விழுறதுக்கு அதுதான் காரணம்.

பெரிய ஆம்பளை எங்க போனான்? நம்ம நாட்டு யானையில தந்தம் ஆணுக்கு மட்டும்தான் நீளமா வளரும். ஆணுலயும் சிலதுக்கு இருக்காது, அதைத்தான் மக்னான்னு சொல்லுவாங்க. அப்போ தந்தத்துக்காகச் சுட்டா செத்தது யாரு? வளர்ந்த ஆணுங்க. 1970-ல இருந்து இருபது முப்பது வருஷம் தென்னிந்தியக் காட்டுல அதுதான் நடந்துச்சு. வீரப்பன் பேரை எல்லாருக்கும் தெரியும். ஆனா அவன் ஒருத்தன் மட்டும் இல்ல. கேரளாவுல பெரியாறு காட்டுல ஒரு கட்டத்துல நூறு பெண் யானைக்கு வளர்ந்த ஆண் ஒண்ணுங்கிற கணக்குக்கு வந்துச்சு. ஒரு தலைமுறைப் பெரியவங்களையே நாம எடுத்துட்டோம். இப்ப பையன் எதைப் பார்த்துக் கத்துக்குவான்?

பெரியவங்க இல்லன்னா என்ன ஆகும்னு தென்னாப்பிரிக்காவுல பார்த்துட்டாங்க. அங்க க்ரூகர் பூங்காவுல யானை அதிகமாயிடுச்சுன்னு பெருசுங்களைச் சுட்டுட்டு, குட்டிங்களை மட்டும் பிலானெஸ்பெர்க்னு வேற பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டாங்க. அந்தக் குட்டிங்க 1990-கள்ல வயசுக்கு வந்தப்போ, வர வேண்டிய காலத்துக்கு முன்னாடியே மதம் பிடிச்சுது. காண்டாமிருகத்தைத் துரத்தித் துரத்திக் கொன்னுச்சு. நாப்பதுக்கு மேல. ஆளைப் போட்டுப் பார்த்தாங்க, ஒண்ணும் சரிப்படல. கடைசியில 1998-ல க்ரூகர்ல இருந்து ஆறு பெரிய ஆண் யானைங்களைக் கொண்டாந்து விட்டாங்க. அதுங்க யாரையும் அடிச்சுத் திருத்தல. பெருசு நிக்கிற இடத்துல சின்னதுக்கு மதம் அடங்கிடுச்சு. கொலை நின்னு போச்சு. பட்டியில தினமும் பார்க்கிறேன், பெரிய கெடா சும்மா படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்தாலே சின்னக் கெடாங்க ஒழுங்கா இருக்கும்.

அப்ப பிடிச்சு லாரியில ஏத்தி வேற காட்டுல விட்டா? சென்னை தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இங்க இருக்கு. கோயமுத்தூர் தடாகம் பக்கம் இருந்த சின்னத்தம்பியை 2019 ஜனவரியில பிடிச்சு டாப்ஸ்லிப் பக்கம் விட்டாங்க. சில நாள்லயே உடுமலைப்பேட்டை வரைக்கும் நடந்து வந்துடுச்சு. மறுபடி பிடிச்சாங்க, இப்ப அது கும்கி. 2023-ல அரிக்கொம்பனை மூணாறு பக்கம் சின்னக்கானல்ல இருந்து பெரியாறு காட்டுக்கு மாத்தினாங்க. ஒரு மாசத்துல கம்பம் டவுன் தெருவுல நின்னுச்சு. அப்புறம் தெற்கே முண்டந்துறைக் காட்டுல கொண்டுபோய் விட்டாங்க. ஆளையே கொல்லுற நிலைமை வந்தா பிடிச்சுத்தான் ஆகணும், அதை நான் மறுக்கல. ஆனா ஒவ்வொரு பையனையும் பிடிச்சுக்கிட்டே இருந்தா, அடுத்த வருஷம் பத்து வயசாகுற பையன் அதே வழியில வருவான். கூட்டம் இருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டே இருப்பான்.

"அம்மாகிட்ட விட்டுடலாமே"ன்னா, அம்மா சேர்க்க மாட்டா. அவனும் நிக்க மாட்டான்.

என்ன பண்ணலாம்னு என்னைக் கேட்டா, நான் பத்தாவது படிச்ச விவசாயி, திட்டம் போடுற ஆளு இல்ல. ஆனா எனக்குத் தோணுறதைச் சொல்றேன். யானை நடக்குற மிச்ச வழியைக் கட்டடம் கட்டாம விடணும். இதுல விவசாயியை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. மலை ஓரம் சனி ஞாயிறு தங்க இடம் தேடுற நீங்களும் அந்த இடம் எங்க கட்டியிருக்குன்னு கேளுங்க. ரெண்டாவது, பயிர் போனவனுக்கு நஷ்ட ஈடு அந்தப் பட்டத்துக்குள்ளேயே கையில வரணும். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா அவன் அதுக்குள்ள கம்பி வாங்கிடுவான். பொறுமைன்னா அதுக்கு ஒரு செலவு இருக்கு, அதை மலை ஓரத்துக்காரன் ஒருத்தன் தலையில மட்டும் கட்டக் கூடாது. மூணாவது, வளர்ந்த ஆண் யானை ஒண்ணு சும்மா தன் வழியில போகுதுன்னா அதைச் சீண்டாம விடணும். செல்போனைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி ஓடக் கூடாது. பத்துப் பசங்களுக்குப் பாடம் சொல்ற வாத்தியாரு அது.

இன்னொண்ணும் சொல்லணும். எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுட்டுத்தான் எழுதுறேன்.

என் பையன் டிப்ளமோ முடிச்சுட்டு ஒரகடம் பக்கம் கம்பெனியில சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. முதல்ல வாரா வாரம் வந்தான். அப்புறம் மாசம் ஒரு தடவை. இந்தத் தடவை மல்லாட்டை பிடுங்குறதுக்கே வரல. "ஷிப்ட் மாத்த முடியல நைனா"ன்னான். நான் கோவத்துல, "வூட்டு வழியே மறந்து பூட்ச்சா உனக்கு?"ன்னு கேட்டுட்டு போனை வச்சுட்டேன். சென்னை தம்பிகிட்ட அவ்வளவு நேரம் யானையைப் பத்திப் பாடம் எடுத்தேன். போனை வச்ச அப்புறம்தான் உறைச்சுது. பேப்பர்காரன் யானைக்குப் போடுற அதே வார்த்தையை நான் என் பையனுக்குப் போட்டிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி அவனைக் கூப்பிட்டேன். ஏன் வரலன்னு கேக்கல. யார் கூடத் தங்கியிருக்க, சாப்பாடு எப்படின்னு கேட்டேன். நம்ம ஊர் மேலத்தெரு ஆளு ஒருத்தர் அங்க பன்னெண்டு வருஷமா வேலை பார்க்கிறாராம். அவர் ரூம்லதான் இருக்கானாம். "ராத்திரி பத்து மணிக்கு மேல வெளிய போனா அவரு திட்டுவாரு நைனா"ன்னு சிரிச்சான். எனக்கு அது போதும்.

இந்த மாசம் பட்டியில ஒரு கெடாக்குட்டிக்கு மூணு மாசம் முடிஞ்சுது. நல்ல உடம்பு, கறுப்புல வெள்ளைப் புள்ளி. கேளூர் சந்தைக்கு ஓட்டினா நல்ல விலை போகும். ஓட்டல. சந்தவாசல் பக்கம் தெரிஞ்சவர் ஒருத்தர் கிட்ட அதே வயசுல ஒரு கெடா இருந்துச்சு. நேத்து ரெண்டு பேரும் மாத்திக்கிட்டோம். என் கெடா அங்க, அவர் கெடா இங்க. என்னோடது டெம்போவுல ஏறுற வரைக்கும் கத்துச்சு. தாய் ஆடு தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துட்டு மறுபடி மேய ஆரம்பிச்சுடுச்சு. புதுசா வந்தது பெரிய கெடா பக்கத்துல ரெண்டடி தள்ளி நின்னு வைக்கோல் திங்குது.

சென்னை தம்பி, உங்க கேள்விக்கு இவ்வளவு நீளமா பதில் எழுதிட்டேன். அடுத்த தடவை "வழி தவறிய ஒற்றை யானை"ன்னு செய்தி வந்தா, அதுக்கு வயசு என்னன்னு தேடிப் பாருங்க. அப்புறம் அது எந்தக் காட்டுல இருந்து எந்தக் காட்டுக்குப் போகப் பார்த்துச்சுன்னு மேப்புல ஒரு கோடு போட்டுப் பாருங்க. நடுவுல என்ன இருக்குன்னு தெரியும்.